பெத்லகேமுக்குப் போகாதவர்கள்

இயேசுவின் பிறப்பைப் பற்றி நற்செய்தி நூல்கள் சொல்வது மிகக் குறைவு. புதிய ஏற்பாட்டில் காலத்தால் முந்தியவை பவுலின் கடிதங்கள். கலாத்தியருக்கு எழுதும்போது அவர், இயேசு ஒரு பெண்ணிடம் பிறந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மாற்கு பிறப்பைத் தொடவே இல்லை. யோர்தான் ஆற்றங்கரையில், வளர்ந்த மனிதரோடு தொடங்கிவிடுகிறார். யோவானிலும் தொழுவம் இல்லை, விண்மீன் இல்லை. மீதி இருவரில் லூக்கா பிரசவத்துக்கு ஒரே வசனம் ஒதுக்குகிறார். மத்தேயுவோ பிறந்ததைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு, கிழக்கிலிருந்து வந்தவர்களிடம் போய்விடுகிறார். இந்த இருவரும் பக்கம் பக்கமாக எழுதுவது வேறொன்றைப் பற்றி: செய்தி காதில் விழுந்ததும் யார் யார் என்ன செய்தார்கள்?

இந்தக் கேள்வியோடு மத்தேயுவின் இரண்டாம் அதிகாரத்தைப் படித்தால், நம்பியவர்கள் ஒரு பக்கம், நம்பாதவர்கள் மறுபக்கம் என்ற பழகிய பிரிவினை நிற்பதில்லை. அந்த அதிகாரத்தில் செய்தியை மறுபேச்சில்லாமல் நம்புகிறவர்களில் ஏரோதும் ஒருவர்.

ஏரோது யூதேயாவுக்குத் தெற்கே இருந்த இதுமேயா நாட்டுக் குடும்பத்தவர். கி.மு. 40இல் ரோம் செனட் அவரை யூதேயாவின் அரசராக அறிவித்தது. பட்டம் கிடைத்த பிறகுதான் நாட்டைப் பிடிக்கப் போர் நடத்தினார், கி.மு. 37இல் எருசலேம் கைக்கு வந்தது. ரோம் தந்த அரியணையில் உட்கார்ந்திருந்தவரின் தலைநகருக்கு, ஒரு விண்மீனைக் கண்ட வெளிநாட்டார் வந்து, யூதரின் அரசராகப் பிறந்திருப்பவர் எங்கே என்று விசாரிக்கிறார்கள். பிறப்பால் அரசர் என்ற சொல்லே அவருக்கு அச்சுறுத்தல். சந்தேகத்தால் அவர் என்ன செய்வார் என்பதை வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். கி.மு. 29இல் மனைவி மரியம்னேயைக் கொன்றார். கி.மு. 7இல் அவளுக்குப் பிறந்த அலெக்சாண்டர், அரிஸ்தோபுலுஸ் இருவரையும் கொன்றார். கி.மு. 4இல், தான் சாவதற்கு ஐந்து நாள் முன்பு, மூத்த மகன் அந்திப்பாத்தரையும் கொன்றார். அந்த ஆண்டை வைத்தே இயேசுவின் பிறப்பை ஆய்வாளர்கள் கி.மு. 4க்கோ அதற்குச் சற்று முன்போ கொண்டுபோகிறார்கள்.

மத்தேயு காட்டும் ஏரோது விண்மீன் செய்தியைச் சிரித்துத் தள்ளவில்லை. தலைமைக் குருக்களையும் மறைநூல் அறிஞர்களையும் கூட்டி, மெசியா பிறக்க வேண்டிய ஊர் எது என்று கேட்கிறார். வந்தவர்களை மறைவாக அழைத்து, விண்மீன் தோன்றிய காலத்தைக் கறாராகக் கேட்டறிகிறார். மறைநூல் வாக்கு பலிக்கும் என்று நம்பாதவர் இவ்வளவு மெனக்கெட மாட்டார். அந்த நம்பிக்கைதான், பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொல்லும் அளவுக்கு அவரைக் கொண்டுபோகிறது. நம்பிக்கை ஒன்றே மனிதரைத் திருத்திவிடும் என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

பெத்லகேமில் குழந்தைகள் கொல்லப்பட்டது நடந்த நிகழ்வுதானா? ஏரோதின் கொடுமைகளை ஒவ்வொன்றாக எழுதிய ஜொசீபஸ் இதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எபிரேய ஆண் குழந்தைகளை நைல் நதியில் எறியச் சொன்ன பார்வோனின் கதை மத்தேயுவின் மனதில் இருந்தது என்பதிலும் ஐயமில்லை. அந்தக் கதையை ஜொசீபஸ் திருப்பிச் சொல்லும்போது, இப்படி ஒரு குழந்தை பிறக்கும் என்று எகிப்திய மறைநூல் எழுத்தர் ஒருவர் பார்வோனை முன்கூட்டியே எச்சரித்ததாகச் சேர்க்கிறார். எனவே மோசே கதையின் சாயலில் கட்டப்பட்டதே பெத்லகேம் கதை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1977இல் வெளிவந்த ‘மெசியாவின் பிறப்பு’ என்ற பெருநூலில் கத்தோலிக்க அறிஞர் ரேமண்ட் பிரவுன் எண்ணிக்கையையும் ஆராய்ந்தார். ஊரில் ஆயிரம் பேர் இருந்ததாக வைத்துக்கொண்டாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் சுமார் இருபது பேர்தான் இருந்திருப்பார்கள். பிற்காலத் திருச்சபை மரபுகள் அதை 14,000 என்றும், 64,000 என்றும், 1,44,000 என்றும் பெருக்கிக்கொண்டே போயின. இருபது குழந்தைகள் போதாது என்று ஏன் தோன்றியதோ தெரியவில்லை.

இதை வரலாறு என்று சாதிக்க ஆதாரம் போதாது என்பது என் கருத்து. ஆனால் ஏரோதின் குணத்துக்குப் பொருந்தாத எதையும் மத்தேயு சொல்லிவிடவில்லை. தான் இறக்கும்போது நாடு அழ வேண்டும் என்பதற்காக, முக்கியப் புள்ளிகளை எரிகோவின் பந்தய அரங்கில் அடைத்துவைத்து, தன் மூச்சு நின்றதும் அவர்களைக் கொல்லச் சொன்னார் என்று ஜொசீபஸ் எழுதுகிறார். அவருடைய தங்கை சலோமே அவர்களை விடுவித்துவிட்டாள். பெத்லகேமிலிருந்து தென்கிழக்கே பார்த்தால், உச்சி வெட்டப்பட்ட கூம்பு போன்ற ஒரு மலை தெரியும். அது ஏரோது தன் பெயரில் கட்டிக்கொண்ட ஏரோதியம். அவருடைய கல்லறை அங்கே கிடைத்துவிட்டதாக 2007இல் தொல்லியலாளர் எஹுத் நெட்சர் அறிவித்தார். பெத்லகேம்வாசிகள் அந்தக் கோட்டையைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் வாழ்ந்திருக்க வேண்டும்.

ஏரோதைவிட என்னை அதிகம் உறுத்துவது அவர் கூட்டிய அறிஞர்களே. கேள்வி வந்ததும் அவர்கள் தடுமாறவில்லை. மீகா இறைவாக்கினரின் நூலிலிருந்து உடனே விடை தருகிறார்கள்: யூதேயாவின் பெத்லகேம். எருசலேமிலிருந்து அந்த ஊர் தெற்கே சுமார் 9 கிலோமீட்டர். இரண்டு மணி நேர நடை. அவர்களில் ஒருவரும் போனதாக மத்தேயு எழுதவில்லை. அகுஸ்தீன் தம் மறையுரையில் அவர்களைச் சாலையோர மைல்கற்களோடு ஒப்பிட்டார். கற்கள் வழிப்போக்கருக்கு வழி காட்டும், தாங்கள் நகர மாட்டா. மனதில் தைக்கும் உவமைதான். ஆனால் இந்த வகை மறையுரைகள் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் யூத இனம் முழுவதன்மேலும் குற்றம் சுமத்தும் கருவியாகப் பயன்பட்டன. அது அநியாயம் மட்டுமன்று, நூலையே தவறாகப் படிப்பது. குழந்தையை ஏந்திய தாயும் அவள் கணவரும் யூதர்; லூக்காவில் வரும் இடையர்களும், ஆலயத்தில் குழந்தையைக் காணும் சிமியோனும் அன்னாளும் யூதர்; இதை எழுதிய மத்தேயுவும் பெரும்பாலும் யூதரே. அங்கே குற்றம் சாட்டப்படுவது ஓர் இனமன்று, அரண்மனையின் அழைப்புக்கு ஓடிவந்து பதில் சொல்லிவிட்டுத் திரும்பிய ஒரு படித்த வட்டம்.

அந்த வட்டத்துக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும். ஏரோது ஆட்சியைப் பிடித்த கையோடு உயர்குடித் தலைவர்கள் பலரைக் கொன்றதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவருடைய கடைசி நாட்களில், ஆலய வாசலின்மேல் அவர் பொருத்திய பொற்கழுகை யூதாஸ், மத்தியாஸ் என்ற இரண்டு ஆசிரியர்களின் தூண்டுதலால் மாணவர்கள் வெட்டிச் சாய்த்தார்கள். அந்த ஆசிரியர்களும் கழுகை வெட்டியவர்களும் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அன்றிரவு சந்திர கிரகணம் என்று ஜொசீபஸ் குறிக்கிறார். ஆக, எருசலேமின் அறிஞர்கள் எல்லோரும் அசையாதவர்கள் இல்லை. அசைந்தவர்களுக்கு என்ன நேரும் என்பது ஊரறிந்த விஷயம். ஏரோதோடு எருசலேம் முழுவதும் கலங்கியது என்று மத்தேயு சொல்வதை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். அரசன் கலங்கினால் நகரம் தன் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளும். வசனம் தெரிந்தும் அவர்கள் நடக்காததற்கு அச்சமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது; அலட்சியம் என்று பழிப்பது எளிது, ஆனால் அந்த ஆட்சியின் கீழ் அலட்சியமாக இருக்க யாருக்கும் வசதி இருந்திருக்காது.

நடந்தவர்கள் வெளியாட்கள். மத்தேயு அவர்களைக் குறிக்கும் மாகி என்ற பெயர் பாரசீக, மேதியக் குருகுலத்தாருக்கு உரியது. சோதிடம், கனவுப் பலன், மந்திரம் எல்லாவற்றோடும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போஸ்தலர் பணிகள் நூலில் பவுலை எதிர்க்கும் எலிமா என்ற மந்திரவாதிக்கும் அதே பெயர்தான். பக்தியுள்ள யூதர் முகம் சுளிக்கும் தொழில். முதலில் வணங்கியவர்கள் என்ற இடத்தை மத்தேயு இவர்களுக்குக் கொடுத்தது துணிச்சலான செயல். அக்கால வாசகருக்கு இன்னொரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வந்திருக்கலாம். கி.பி. 66இல் அர்மேனிய அரசர் திரிதாத்தெஸ் பரிவாரத்தோடு ரோமுக்குப் பயணம் செய்து நீரோவின் முன் மண்டியிட்டார். அவரையே மாகி என்று ரோம எழுத்தாளர் பிளினி அழைக்கிறார். அவர் வந்த வழியே திரும்பவில்லை என்று தியோ காசியுஸ் எழுதுகிறார். உலகமே பேரரசனின் காலடிக்கு வந்த காட்சி அது. மத்தேயுவின் மாகியர் ஒரு சிற்றூர் வீட்டு வாசலுக்குப் போகிறார்கள்.

அவர்கள் மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆட்களும் மூவரானார்கள். சிரிய மரபில் பன்னிருவர். அரசர்கள் என்பதும் நூலில் இல்லை. திருப்பாடல்களிலும் எசாயாவிலும் அரசர்கள் காணிக்கையோடு வருவதாக உள்ள பகுதிகளிலிருந்து அந்தக் கிரீடம் வந்தது. ரோமின் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில், மூன்றாம் நூற்றாண்டு ஓவியத்தில் கிரீடம் இல்லாமல்தான் நடந்து வருகிறார்கள். ஆறாம் நூற்றாண்டின் ராவென்னா கல்சித்திரத்திலும் பாரசீகக் கால்சட்டையும் முனை மடிந்த தொப்பியும்தான். பிறகு அவர்கள் தலையில் ஏறிய கிரீடம் இறங்கவே இல்லை. 1164இல் மிலானிலிருந்து அவர்களுடையவை என்று எலும்புகள் கொலோனுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஜெர்மானிய அரசர்களின் வழிபாட்டுக்கு உரியவையாகின. ஃப்ளாரன்சில் 1459 வாக்கில் பெனோட்சோ கோட்சோலி தீட்டிய ஊர்வலத்தில் மெதிசி வங்கிக் குடும்பத்தாரே பரிவாரமாகக் குதிரையேறி வருகிறார்கள். அதிகாரத்தில் இருந்தவர்கள் தங்களை ஏரோதின் அவையில் ஒருபோதும் வரைந்துகொள்ளவில்லை. எப்போதும் மாகியரின் வரிசையில்தான்.

இப்படி அரசராக்கியதில் மறைந்துபோனது மாகியர் செய்த கடைசிக் காரியம். குழந்தையைக் கண்டதும் வந்து தெரிவிக்க வேண்டும் என்பது ஏரோதின் கட்டளை. அவர்கள் தெரிவிக்கவில்லை, வேறு வழியாக ஊர் திரும்பினார்கள். பொன்னையும் சாம்பிராணியையும் வெள்ளைப்போளத்தையும் பற்றி எத்தனையோ மறையுரைகள் உண்டு. இந்தக் கீழ்ப்படியாமைக்கு அவற்றில் பாதி இடமாவது கிடைத்திருக்க வேண்டும். அந்தக் குழந்தை பிழைத்ததற்கு முதல் காரணம் அதுதான்.

லூக்காவின் உலகம் வேறு. அவர் ஏரோதை விட்டு அகுஸ்து பேரரசரிடம் தொடங்குகிறார். அவர் சொல்லும் குரேனியுவின் குடிக்கணக்கு கி.பி. 6இல் நடந்தது என்பதால், ஏரோதின் காலத்தோடு அது பொருந்தாமல் வரலாற்றாசிரியர்களைத் திணறவைக்கிறது. ஆனால் அகுஸ்துவின் பெயர் வருவதற்குக் கணக்கெடுப்பைத் தாண்டிய பொருத்தம் உண்டு. சிறிய ஆசியாவின் பிரியேனே நகரில் கிடைத்த கி.மு. 9ஆம் ஆண்டுக் கல்வெட்டு, தெய்வமான அகுஸ்துவின் பிறந்தநாளே உலகுக்கு நற்செய்தியின் தொடக்கம் என்று அறிவித்து, அந்த நாளில் ஆண்டு தொடங்கும்படி நாட்காட்டியை மாற்றுகிறது. ஒரு பிறப்பை நற்செய்தி என்று கொண்டாடும் வழக்கம் பேரரசுக்குச் சொந்தமாக இருந்தது. லூக்கா அதே பேச்சை எடுத்து, வயல்வெளியில் கிடை காத்த இடையர்களிடம் கொடுக்கிறார். இடையர்கள் அன்று இழிவாகக் கருதப்பட்டவர்கள் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. அதற்குக் காட்டப்படும் யூதச் சான்றுகள் பிற்காலத்தவை. தாவீதே பெத்லகேம் இடையன்தான். அவர்கள் ஏழைகள், இரவு வேலைக்காரர்கள். அந்த அளவே போதும். அவர்கள் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை, விரைந்து போனார்கள்.

இடையர்கள் சொன்னதைக் கேட்டு வியந்தவர்களைப் பற்றியும் லூக்கா எழுதுகிறார். வியந்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பது நூலில் இல்லை. மரியாவோ எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் மனதில் இருத்திச் சிந்திக்கிறாள். நாற்பது நாள் கழித்து ஆலயத்துக்கு வந்தபோது அந்தத் தம்பதி கொடுத்தது புறாக்கள்; ஆட்டுக்குட்டி வாங்க முடியாதவர்களுக்குச் சட்டம் அனுமதித்த காணிக்கை. அங்கே சிமியோன் குழந்தையைக் கையில் வாங்குகிறார். (அவர் முதியவர் என்று லூக்கா எங்கும் சொல்லவில்லை, வெண்தாடியை ஓவியர்கள் கொடுத்தார்கள்.) அவர் பேச்சில் மகிழ்ச்சி மட்டும் இல்லை. இந்தக் குழந்தை எதிர்ப்புக்கு இலக்காகும், தாயின் உள்ளத்தை வாள் ஊடுருவும் என்று அவளிடமே சொல்கிறார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணிடம் இதைச் சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்!

எதிர்ப்பு வந்தது. சுமார் கி.பி. 178இல் கெல்சுஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி, மரியா தச்சனால் விரட்டப்பட்டவள், குழந்தை பந்தேரா என்ற போர்வீரனுடையது என்ற வசையை எழுதினார். எழுபது ஆண்டு கழித்து கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் பதில் எழுதியதால்தான் அந்த வசையே நமக்குக் கிடைத்திருக்கிறது. குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தில் மர்யம் தனியாகப் பேரீச்ச மரத்தடியில் பிரசவ வேதனை படுகிறார். குழந்தையோடு ஊருக்கு வந்ததும் உறவினர் பழிக்கிறார்கள். அவர் வாய் திறக்கவில்லை, தொட்டில் குழந்தையே தாய்க்காகப் பேசுகிறது. இயேசுவை இறைமகன் என்று ஏற்காத ஒரு சமயம், அவருடைய தாயின் மானத்துக்கு இப்படி அரணாக நின்றதைக் கிறிஸ்தவர்கள் போதிய அளவு கவனித்ததில்லை.

நம்பிக்கை கொண்டவர்களே கொண்டாட மறுத்ததும் உண்டு. பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும் போன்றவர்களே என்று ஓரிகன் கண்டித்தார். டிசம்பர் 25ஐக் குறிக்கும் மிகப் பழைய ரோமச் சான்று 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அர்மேனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6ஐயே வைத்திருக்கிறது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பியூரிட்டன்கள் 1659 முதல் 1681 வரை, கிறிஸ்துமஸ் கொண்டாடியவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தார்கள்.

இத்தனை பேரிலும் அதிகம் விடுபட்டுப்போனவர்கள் பெத்லகேமின் தாய்மார்கள். மத்தேயு அவர்களை விடவில்லை. எரேமியாவின் வரிகளை எடுத்து, தன் பிள்ளைகளுக்காக அழுது, ஆறுதலை ஏற்க மறுக்கும் ராகேலை அங்கே கொண்டுவருகிறார். ராகேல் பிரசவத்தில் இறந்து பெத்லகேம் போகும் வழியில் புதைக்கப்பட்டவள் என்பது தொடக்கநூல் மரபு. மற்ற இடங்களில் மறைநூல் வாக்கை மேற்கோள் காட்டும்போது, இது நிறைவேறும்படி நடந்தது என்று எழுதும் மத்தேயு, இங்கேயும் இன்னோர் இடத்திலும் மட்டும் அப்போது நிறைவேறியது என்று மாற்றி எழுதுகிறார். குழந்தைகள் சாக வேண்டும் என்பது கடவுளின் திட்டம் என்று சொல்ல அவருக்குக் கை வரவில்லை. அந்த அழுகைக்கு அவர் சமாதானமும் சொல்லவில்லை. ஒரு குழந்தை தப்பியது, மற்றவை தப்பவில்லை. அதை மழுப்பாமல் எழுதியதால்தான் இந்த அதிகாரத்தின்மேல் எனக்கு மதிப்பு.

அந்த நேர்மையைத் தாங்க முடியாதவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். பீட்டர் புரூகல் 1560களின் நடுவில் இந்தக் கொலையைப் பனி மூடிய பிளெமிஷ் கிராமம் ஒன்றில் நடப்பதாக வரைந்தார். வாளோடு வருபவர்கள் அவர் காலத்துப் படைவீரர்கள். ஓவியம் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் கைக்குப் போனது. பின்னர் யாரோ குழந்தைகளின்மேல் வண்ணம் பூசி, அவற்றைத் துணி மூட்டைகளாகவும் பறவைகளாகவும் விலங்குகளாகவும் மாற்றினார்கள். இன்று பிரிட்டிஷ் அரச குடும்பத்துச் சேகரிப்பில் இருக்கும் அந்த ஓவியத்தில், பெண்கள் மூட்டைகளுக்காகக் கதறுகிறார்கள். கொலை ஒரு சூறையாடலாக ஆக்கப்பட்டது. முகங்களில் இருந்த துயரத்தை மட்டும் அழிக்க முடியவில்லை.

யோசேப்பு இன்னொரு விதம். நான்கு நற்செய்திகளிலும் அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. முதலில் சந்தேகப்படுகிறார், மரியாவை ஊரார் முன் அவமானப்படுத்தாமல் விலக்கிவிட நினைக்கிறார். பிறகு ஏற்கிறார், இரவோடு இரவாக எகிப்துக்குக் கிளம்புகிறார். திரும்பி வரும்போது யூதேயாவில் ஏரோதின் மகன் அர்கெலாயு ஆள்வதைக் கேட்டு அஞ்சி, கலிலேயாவுக்குப் போகிறார். அச்சம் நியாயமானது. அர்கெலாயு தன் ஆட்சியின் முதல் பாஸ்கா விழாவிலேயே மூவாயிரம் பேரைக் கொன்றதாக ஜொசீபஸ் எழுதுகிறார். கலிலேயாவிலும் அமைதி இல்லை. நாசரேத்துக்குப் பக்கத்தில், சுமார் ஆறு கிலோமீட்டரில் இருந்த செப்போரிசை அதே ஆண்டு ரோமப் படை எரித்து, மக்களை அடிமைகளாக்கியது. எருசலேமின் அறிஞர்களுக்கு இருந்த அதே அச்சம் யோசேப்புக்கும் இருந்தது. அவர் அந்த அச்சத்தோடேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பேசாத அந்த மனிதரைக் காப்பியத் தலைவராக்கியது தமிழ். வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணி, வளன் என்று பெயர் சூட்டப்பட்ட யோசேப்பைப் பற்றி 36 படலங்களில் 3,615 பாடல்கள் கொண்டது. அவருடைய சந்தேகத்துக்கே ஐயந்தோற்று படலம் என்று தனிப்படலம் உண்டு. பெத்லகேமின் பிள்ளைகளையும் முனிவர் கடந்துபோகவில்லை. அவர்களுக்குக் குழவிகள் வதைப் படலம் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளிலும் கோவில்களிலும் டிசம்பரில் வைக்கும் குடிலில் அந்தப் படலம் இல்லை. இடையர், மூன்று ராஜாக்கள், மாடு, கழுதை, வானதூதர் எல்லோரும் இருப்பார்கள். திருச்சபை டிசம்பர் 28ஐ அந்தக் குழந்தைகளின் திருநாளாக வைத்திருக்கிறது. அன்றைக்கும் குடில் கலைக்கப்படாமல், அதே மகிழ்ச்சியோடுதான் இருக்கும்.

குடில் மாறாத வடிவம் ஒன்றும் இல்லை. 1223இல் அசிசி பிரான்சிஸ் கிரெச்சோவில் அமைத்ததில் வைக்கோல், எருது, கழுதை இவைதான் இருந்தன. அந்த எருதும் கழுதையும் நற்செய்தியில் இல்லை, எசாயாவிலிருந்து வந்தவை. நேப்பிள்ஸ்காரர்கள் அதில் மீன் விற்பவரையும் கசாப்புக்காரரையும் சேர்த்தார்கள். இவ்வளவு பேருக்கு இடம் கொடுத்த குடிலில், பிள்ளையை இழந்த ஒரு தாயின் உருவத்துக்கும் இடம் உண்டு. நம் பங்குக் கோவில்களில் யாராவது அதைச் செய்து வைக்க வேண்டும். விழாவுக்கு வந்தவர்கள் அவள் யார் என்று கேட்பார்கள். மத்தேயுவின் அந்த வசனங்களைத் திறந்து காட்டலாம்.